இரண்டு கைப்பிடிப் புல்

மூன்று நாள் பனிக்குள் புதைந்து கிடந்த ஒருவன் நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து சிகரெட் கேட்டானாம். அவன் உடம்பில் இருந்தது அகுலினா தைத்த உடுப்பாம். மாவட்டத் தலைநகரில், லாரிக்காரர்கள் சாப்பிடும் கடையில் இப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று அங்கே போய்வந்த ஊர்க்காரன் நிகிஃபோர் தன் மனைவியிடம் சொல்ல, அவள் ரொட்டிக் கடை வரிசையில் மார்ஃபாவிடம் சொல்ல, மார்ஃபா ரொட்டியைக்கூட வாங்காமல் அண்ணி அகுலினாவின் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டாள்.

“அண்ணி, நீ தைச்சதப் போட்டுக்கிட்டா குளிருக்கே குளிரெடுக்குமாமே?”

அகுலினா தலையை நிமிர்த்தவில்லை. மடியில் முயல் தோல் கிடந்தது.

“மூணு நாள் இல்லடி. ஒரு ராத்திரி. எழுந்து சிகரெட்டும் கேக்கல. என் நாய் எங்கன்னுதான் கேட்டான்.”

“அப்போ நிஜமாவே நடந்துச்சா!”

“நடந்துச்சு. நாயும் நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கு நான் ஒண்ணும் தைக்கலையே.”

அந்த ராத்திரி ஐம்பத்தெட்டு டிகிரி. அந்த ஊரில் குளிரைச் சொல்லும்போது யாரும் ‘கழித்தல்’ என்று சேர்ப்பதில்லை. குளிர்காலத்தில் பூஜ்யத்துக்கு மேலே ஒரு கணக்கு இருப்பதே யாருக்கும் நினைவில்லை.

ரஷ்ய வடகோடியின் வெர்கயான்ஸ்க் மலைகளுக்குள், ஒரு ஏரியை ஒட்டி எழுபது வீடுகள். அகுலினாவுக்கு ஐம்பத்தேழு வயது. ஈவென் இனத்துப் பெண். மான்மந்தையோடு அலைந்த கூடாரத்தில் பிறந்தவள். ஆனால் சம்பளத்துக்குச் செய்த வேலை வேறு. இருபத்திரண்டு வருஷம் ஊர்க் கொதிகலன் கூடத்தில் நிலக்கரி அள்ளிப் போட்டாள். அந்தக் கூடம் ஒரு நாள் நின்றால் ஊர்க் குழாயெல்லாம் வெடிக்கும், பள்ளிக்கூடம் உறையும், மருத்துவமனை உறையும். கரியும் வேர்வையுமாக வீட்டுக்கு வந்து, கையைக் கழுவிவிட்டு ஊசியை எடுப்பாள். ரெண்டும் ஒரே வேலைதானே என்பாள். சூட்டைச் செய்வது ஒன்று, அதை வீட்டை விட்டு ஓடிப்போகாமல் பிடித்துவைப்பது இன்னொன்று.

அவள் தைத்த உடுப்பைக் கையில் வாங்குகிறவர்கள் முதலில் ஏமாந்துதான் போவார்கள். கனமே இருக்காது. உள்கோட்டில் முடி உடம்பைப் பார்த்து இருக்கும், வெளிக்கோட்டில் முடி வானத்தைப் பார்த்து இருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றுமில்லாததுதான் ஆளைக் காப்பாற்றுகிறது. பனிமானின் ஒவ்வொரு முடியும் உள்ளே காற்று அடைத்த குழல். முகத்தைச் சுற்றி வருகிற விளிம்புக்கு மட்டும் வால்வரின் என்கிற காட்டு விலங்கின் தோல். மூச்சு அதில் உறைந்தாலும் ஒரு தட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடும். நூல், மானின் முதுகு நரம்பைக் காயவைத்துப் பிரித்து, எச்சில் தொட்டு முழங்காலில் உருட்டியது. நனைந்தால் உப்பி, ஊசி போன துளையைத் தானே அடைத்துக்கொள்ளும். தொர்பாசா என்கிற முழங்கால் உயரப் பூட்ஸுக்கு மானின் கால்தோல். அதன் அடிக்கு, குளம்பு பிளவுபடும் இடத்தில் முளைத்திருக்கும் தூரிகை மாதிரியான தோல். முன்பாதியில் முடி ஒரு பக்கம் பார்க்கும், பின்பாதியில் மறுபக்கம். கண்ணாடி மாதிரி உறைந்த ஆற்றின் மேலும் கால் வழுக்காது.

மான் ஒரு ஆயுசு முழுக்கக் குளிரோடு பேசிக் கற்றுக்கொண்டதை மனிதன் மேல் அப்படியே ஏற்றிவைக்கிறாள் என்று தோன்றும். இத்தனை வருஷமாகியும் முடிந்த உடுப்பை ஆணியில் மாட்டிவிட்டு அவளே கொஞ்ச நேரம் நின்று பார்ப்பாள். தான் செய்தது என்கிற பெருமை அதில் இருக்காது. இதுவெல்லாம் எப்படி இப்படி அமைந்தது என்கிற திகைப்புதான் இருக்கும்.

பூட்ஸ் வாங்க வருகிறவர்களிடம் தவறாமல் ஒன்று சொல்வாள்.

“உள்ள அஞ்சு விரலும் டான்ஸ் ஆடணும். ஆடலேன்னா கழட்டு. இறுக்கமான பூட்ஸும் வெறுங்காலும் ஒண்ணு.”

பூட்ஸுக்குள் அடியில் புல் வைக்க வேண்டும். சதுப்பில் வளரும் நீளமான புல்லை இலையுதிர்காலத்தில் அறுத்து, காயவைத்து, கையால் கசக்கி, பாத வடிவத்தில் மெத்தை போல் பரப்புவார்கள். கால் என்றைக்கும் கொஞ்சம் வேர்க்கும். அந்த ஈரத்தைப் புல் குடித்துக்கொள்ளும். புல் இல்லையென்றால் ஈரம் காலுறையிலேயே தங்கி, அங்கேயே பனிக்கட்டியாகும். வேர்வைதான் அந்த ஊரில் எமன். அதனால்தான் வேட்டைக்காரன் ஓடமாட்டான், நடப்பான். அதனால்தான் தோல் உடுப்பைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவரவே மாட்டார்கள். உள்ளே காய்வது காலுறை மட்டும்தான், மற்றதெல்லாம் சூடில்லாத முன்னறையில் தொங்கும். அங்கேயே நின்று மாட்டிக்கொண்டு, அப்படியே வெளியே போய்விட வேண்டும்.

இதெல்லாம் அகுலினாவுக்குச் சொல்லித் தெரியவேண்டிய விஷயமா? ஆனால் போன குளிர்காலத்தில் அவள் புருஷன் கவ்ரில், பனிக்கு அடியில் மறைந்து ஓடிய தண்ணீரில் இடது காலை விட்டுவிட்டான். ஆற்றின் பனிக்கட்டியைப் பிளந்துகொண்டு மேலே வரும் தண்ணீர் அது; மேலே பனி மூடியிருந்தால் யாருக்கும் தெரியாது. இரண்டு விரல் போயிற்று. மிச்சமிருந்த பாதத்தில் உணர்ச்சி பாதிக்கு மேல் செத்துவிட்டது. ஊசியால் குத்தினாலும், “ஏதோ எறும்பு மாதிரி இருக்கு” என்பான். பூட்ஸின் மேல் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் யாரும் குறை சொல்லாததே அவளை அரித்தது.

அந்தப் பயத்தில்தான் இந்த வருஷம் முயல் தோல் காலுறையை இரட்டையாகத் தைத்தாள். உள்ளே ஒரு தோல், மேலே இன்னொரு தோல். மார்ஃபா ஓடி வந்த அன்று மடியில் இருந்தது அதுதான்.

மறுநாள் காலை ஐம்பத்து நாலு. பள்ளிக்கூடம் திறக்காத குளிர். புகைபோக்கிகளிலிருந்து புகை கம்பு மாதிரி நேராக நின்றது. வெளியே மூச்சு விட்டால் அது உறைந்து உதிரும் சத்தம் காதோரம் கேட்டது, யாரோ தானியம் கொட்டுகிற மாதிரி.

அந்த ஊரில் வேட்டைக்குப் போகிறேன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அடுப்புக்கும் காது உண்டு, மலைக்கும் காது உண்டு. கவ்ரில் ஒரு துண்டுக் கொழுப்பை நெருப்பில் போட்டு, அது சடசடவென்று பேசுவதைக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

“மேக்கால கொஞ்சம் எட்டிப் பாத்துட்டு வரேன்.”

“பாத்துட்டு வா கிழவா.”

அடுப்போரம் காய்ந்த காலுறைகளை நீட்டினாள். அவன் கையில் எடுத்ததும் ஒரு கணம் எடை பார்த்தான். அவள் கவனித்தாள். ஆனால் கிளம்புகிற காலையில், பெண் தைத்ததில் ஆண் குறை சொல்லக் கூடாது. சொன்னால் அந்த உடுப்பு மனம் உடைந்துவிடும், வெளியே கைவிட்டுவிடும் என்பது அந்த ஊர் வழக்கம். சரியாக இருக்கிறதா என்று அவளும் கேட்கக் கூடாது. கேட்பதே சந்தேகம். அவன் காலுறையை மாட்டிக்கொண்டு முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான்.

வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஆயிற்று. பிறகு பலகைத் தரையில் இரண்டு முறை மிதித்துப் பார்க்கும் சத்தம்.

“தாராளமா இருக்கு கிழவி!” என்று குரல் கொடுத்தான்.

அவள் எதுவும் கேட்டிருக்கவில்லை.

பனிவண்டி உறுமிக்கொண்டு ஏரியைத் தாண்டிப் போயிற்று. மூடுபனியில் சத்தம் மட்டும் வெகு நேரம் கேட்டது.

மதியம் தேநீருக்குத் தண்ணீர் வேண்டும். ஏரியில் வெட்டி அடுக்கிய பனிக்கட்டி முன்னறை மூலையில் இருந்தது. ஒரு கட்டியைப் புரட்டியபோது அதன் பின்னால் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. எடுத்தாள்.

புல். இரண்டு கைப்பிடி. இரண்டும் பாத வடிவத்தில் அழுந்தியிருந்தன. இடது பாதத்தில் இரண்டு விரலின் இடம் காலியாக இருந்தது.

அகுலினா அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குளிரில் கோட்டுகூட இல்லாமல் நின்றாள். யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இரட்டைத் தோல் காலுறை பூட்ஸுக்குள் புகவில்லை. இறுக்கமாக இருக்கிறது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. புல்லை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தில் அவளுடைய பயத்தை வைத்துக்கொண்டு போயிருக்கிறான்.

கதவு திறந்தது. மார்ஃபா.

“என்ன அண்ணி, சிலை மாதிரி நிக்கிற? உள்ள வா, செத்துப்போவ!”

அகுலினா கையை நீட்டினாள். மார்ஃபா பார்த்தாள்.

“உங்கண்ணன் புல்லு வைக்காமப் போயிட்டான்.”

“அவனுக்குத் தெரியாதா அண்ணி? கால் சில்லுன்னு ஆனா கழட்டி மாத்திக்க மாட்டானா?”

“சில்லுன்னு ஆனாத் தெரியுற காலா அது?”

மார்ஃபா அவளை உள்ளே இழுத்து அடுப்பருகே உட்காரவைத்தாள். மருந்து அவன் காலடியிலேயே இருக்கிறது. மேற்கே போகிற வழியில் சதுப்பு. பனிக்கு மேலே மேட்டுக்கு மேடு காய்ந்த புல் தலை நீட்டிக்கொண்டிருக்கும். வெளிக் காலுறையைக் கழற்றிக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு, கத்தியால் இரண்டு கைப்பிடி அறுத்து உள்ளே வைத்தால் போதும். யாராவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பின்னாலேயே வண்டியில் போனால் தடம் பிடித்துச் சேர நாலு மணி நேரம் ஆகும். இரண்டு மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும்.

“உன் போனைக் குடு.”

மார்ஃபா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “அண்ணி, வேணாம். போனவனப் பின்னாலேருந்து கூப்பிடக் கூடாது. எங்கப்பா இருந்தா உன் கையை ஒடிச்சிருப்பாரு.”

“உங்கப்பாவுக்குப் பத்து விரலும் இருந்துச்சுடி.”

“ஆத்துல விழுந்ததுக்கு நீ என்ன பண்ணுவ? அதுக்காக இப்பப் பழக்கத்த மீறி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா…”

“பழக்கத்த மதிச்சுத்தான் அவன் வாயத் தெறக்கல. நானும் தெறக்கல. ரெண்டு பேரும் ஒழுங்காத்தான் இருந்தோம். அதான் புல்லு இங்க கெடக்குது. குடு.”

மார்ஃபா கொடுத்தாள்.

போன வருஷம் குன்றின் மேல் கோபுரம் ஒன்று நட்டிருந்தார்கள். சதுப்பில் சிக்னல் கிடையாது. மூன்று ஒற்றைக் கற்கள் நிற்கிற மேட்டில் ஏறினால் மட்டும் கிடைக்கும். அவன் அந்த மேட்டில் ஏறித்தான் பள்ளத்தாக்கில் மேயும் காட்டுமான்களைப் பார்ப்பான்.

முதல் முறை அழைத்தாள். ஒரு பெண் குரல் ரஷ்ய மொழியில், நீங்கள் அழைத்தவர் எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. அரை மணி கழித்து மறுபடி. அதே பெண், அதே மரியாதை. மார்ஃபா எழுந்து போய் ஒரு துண்டு வெண்ணெயை அடுப்பில் போட்டுவிட்டு வந்தாள். நெருப்பு எதுவும் பேசவில்லை. அகுலினா புல்லை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள். அந்தக் குளிரைப் பற்றி நினைத்தாள். அதற்குக் கோபமும் இல்லை, வஞ்சமும் இல்லை. எங்கே ஒரு விரல் அகல இடம் குறைகிறது என்று பார்த்துக்கொண்டு எத்தனை காலம் வேண்டுமானாலும் நிற்கும். அதற்கு முன்னால் ஐம்பத்தேழு வயதில் தான் இன்னும் முதல் தையல் போடுகிறவள் என்று அவளுக்குத் தோன்றியது.

ஜன்னலில் வெளிச்சம் இளஞ்சிவப்பாகச் சாய்ந்துகொண்டிருந்தது. மூன்றாம் முறை அழைத்தாள்.

மணி அடித்தது.

“அடிக்குதுடி!” மார்ஃபாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “மேட்டுல இருக்கான்.”

ஒன்று. இரண்டு. அகுலினாவின் மனது தான் தைத்த கோட்டுக்குள் போயிற்று. உள்கோட்டின் இடது அக்குளில் முயல் தோலால் ஒரு பை வைத்திருக்கிறாள், போனுக்கென்றே. அந்தக் குளிரில் போனை வெளியே எடுத்தால் ஐந்து நிமிஷத்தில் செத்துவிடும். இது அடிக்கிறது. அப்படியென்றால் பை சூடாக இருக்கிறது. அப்படியென்றால் நெஞ்சு சூடாக இருக்கிறது. அவள் தைத்த வேறு எதுவும் தோற்கவில்லை, அந்த ஒன்றைத் தவிர.

மூன்று. நான்கு. மான்களைப் பார்த்திருப்பான். சத்தத்தை அணைத்து வைத்திருப்பான். அதிர்வு மட்டும் விலா எலும்பில் தட்டும். கையுறையின் மணிக்கட்டுப் பிளவு வழியாகக் கையை வெளியே எடுத்து, மேல்கோட்டைத் திறந்து, உள்கோட்டைத் திறந்து… நேரம் ஆகும். ஆகட்டும். அல்லது அவன் பனியில் உட்கார்ந்துவிட்டானா?

“எடுக்கலையா அண்ணி?”

“பேசாத. எடுப்பான்.”

சொல்ல வேண்டியதை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டாள். அந்த ஊரில் இதுவரை எந்தப் பெண்ணும் மேட்டில் இருக்கும் ஆணிடம் சொல்லாத வார்த்தைகள். கிழவா, நான் தைச்சது தப்பு. மேல் உறையக் கழட்டு. புல்லு அறு.

ஏழு. எட்டு. அவள் மடியில் இருந்த புல், அடுப்புச் சூட்டில் மெல்ல விரிந்துகொண்டிருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.