பச்சைத் தண்ணீர்

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கிறது. சொன்னவர் ஒன்றை நினைத்துச் சொல்கிறார். கேட்டவர் மற்றதை எடுத்துக்கொண்டு போய்ச் செய்கிறார். அதில் ஓர் உயிர் போய்விட்டால், அது யாருடைய செயல்? படித்த புத்தகங்களில் இந்தக் கேள்விக்குச் சில விடைகள் பார்த்திருக்கிறேன். சேக் தாவூதின் பட்டறை வாசலில் வைத்துப் பார்த்தபோது அவற்றில் ஒன்றும் நிற்கவில்லை.

அவருடைய பட்டறை ஒரத்தநாட்டிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் இருந்தது. சொந்த ஊர் அதிராம்பட்டினம். வளைகுடாவில், தம்மாமில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து, மனைவி கமருன்னிஸாவின் ஊரோடு தங்கிவிட்டார். வேலை தெரிந்தவர் என்று சொல்லலாம். அதற்கு மேல் புகழ எனக்குத் தயக்கம். கேட்காமலே புத்தி சொல்வார். பஞ்சர் ஒட்ட வந்தவரிடம் ரேடியேட்டரைப் பற்றிக் கால்மணி நேரம் பேசுவார். தபால் ஆபீசிலிருந்து மதியம் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய் உட்காருவது எனக்கு வழக்கமாக இருந்ததால், அந்தப் பேச்சு முழுவதும் எனக்கு மனப்பாடம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது, உள்ளே உப்பு கட்டும். எஞ்சினைக் குளிரவைக்க ஊற்றும் கூலண்டில் இரண்டு நிறத்தைக் கலக்கவே கூடாது, மோர் திரிந்த மாதிரி ஆகிவிடும்.

இந்தக் கடைசி விஷயத்துக்காகவே அவர் ஒரு பேச்சு வழக்கு வைத்திருந்தார். கூலண்ட் என்று சொல்லமாட்டார். ஒன்று 'செவப்புத் தண்ணி', இன்னொன்று 'பச்சத் தண்ணி'. பட்டறைக்குள் கேனைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்வதால் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

ராயன்கட்டளை தங்கையன் அவருடைய வாடிக்கையாளர். ஐம்பது வயதைத் தாண்டியவர். மகன் ஆசைப்பட்டு வாங்கிய இருநூறு சிசி வண்டி. மகன் சிங்கப்பூர் போன பிறகு அப்பா ஓட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த வண்டியில் அவர் வருவதைப் பார்த்துப் பையன்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

அந்த ஆண்டு ராயன்கட்டளை வயல்களின் நடுவே எரிவாயுக் குழாய் பதிக்க அளவுக்கல் நட்டிருந்தார்கள். ஆட்சி மாறியது, மேடையில் ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் இடம் மாறி உட்கார்ந்தார்கள். கல் நட்ட இடத்திலேயே இருந்தது. பட்டாதாரர்கள் நாற்பது பேரின் ஆட்சேபணை மனுக்களைத் தங்கையன் ஒரு ரெக்சின் பையில் சேர்த்து வைத்திருந்தார். புரட்டாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை, மாலை ஐந்து மணிக்குள் தஞ்சாவூரில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு கொடுத்தால் செல்லாது.

அதற்கு மூன்று வாரம் முன்னால் பின்சக்கரத்துக்கு டயர் மாற்ற வந்திருந்தார்.

"பாய், இன்னும் ரெண்டு மாசம் ஓடாதா?"

"ஓடறதுக்கு என்ன, ஓடும். நிக்கச் சொன்னாத்தான் நிக்காது. மொட்டையாயிருச்சு, பாருங்க."

"அறுப்பு முடிஞ்சு மாத்திக்கிறேனே."

"அறுப்புக்கு நீங்க இருக்கணும்ல?"

"ஒங்க வாயில நல்ல வார்த்தையே வராதா பாய்?" என்று தங்கையன் சிரித்தார். புது டயர் போட்டார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அந்தப் புதன்கிழமை மதியமும் பக்கத்தில்தான் இருந்தேன். தங்கையன் போனில் கூப்பிட்டார். கையெல்லாம் கிரீஸ் என்பதால் சேக் தாவூது போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"பாய், வண்டி கொதிக்குது. செவப்பு லைட்டு எரியுது. புது ஆத்துப் பாலத்துக்கிட்ட நிக்கிறேன்."

"நிறுத்திட்டீங்கள்ல? அரை மணி ஆறட்டும். அப்பறம் பச்சத் தண்ணி ஊத்திட்டுப் போங்க."

போனில் சிரிப்பு. "இதுக்குப் போயா ஒங்களக் கூப்புட்டேன்? இங்க ஆறே ஓடுது!"

போன் துண்டிக்கப்பட்டது. சேக் தாவூது செயினில் மறுபடி கை வைத்தார். இரண்டு கண்ணி துடைத்திருப்பார். அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். போன மாதம் கொடுத்த பச்சைக் கூலண்ட் கேன் தங்கையனின் வீட்டில் இருக்கிறதா, வண்டியில் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. உடனே திருப்பி அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆறு முறை அழைத்தார்.

பாலத்தைத் தாண்டி மூன்று கிலோமீட்டரில், எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, தங்கையன் கரையிலிருந்து அதே புது ஆற்றுக் கால்வாய்க்குள் போய் விழுந்திருக்கிறார். உடலை மாலையில் எடுத்தார்கள். ரெக்சின் பை மறுநாள் மதகில் கிடைத்தது. மனுக்களில் மை கரைந்து, கைரேகைகள் மட்டும் நீலமாகத் தெரிந்தன.

ஊர் ஒரு முடிவுக்கு வர நேரம் ஆகவில்லை. குழாய்க்காக நிலம் பேசிவந்த தரகர் காயாரோகணம் முந்தின நாள் டீக்கடையில் தங்கையனோடு வாய்ச்சண்டை போட்டிருந்தார். போகும்போது அந்த வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, "ஒங்க வண்டியும் இனிமே எங்க பாதையிலதான் ஓடும்" என்று கேலி பேசியதை நாலைந்து பேர் பார்த்திருந்தார்கள். அவர்தான் வண்டியில் ஏதோ செய்துவிட்டார் என்று சொன்னார்கள். அவர் வீட்டு ஓடுகள் உடைந்தன. பிறகு போலீஸ் அவரை அழைத்துப் போனது.

வண்டியை ஸ்டேஷனில் நிறுத்த இடமில்லை என்று, வாகன ஆய்வாளர் வரும்வரை சேக் தாவூதின் பட்டறையிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். தனியாக ஒரு தகரக் கொட்டகை, பூட்டு, ஒரே சாவி.

வெள்ளிக்கிழமை மதியம் நான் போனபோது அவர் அந்த வண்டியின் அடியில் தட்டு வைத்து ரேடியேட்டர் தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தார். மண் நிறத்தில் கால்வாய்த் தண்ணீர் இறங்கியது.

"அழுக்கா இருந்துச்சு சார். எடுத்துட்டேன்" என்றார். என்னைப் பார்க்கவில்லை. பச்சை கேனைத் திறந்து ஊற்றினார். வண்டியின் பக்கத்தில் இருக்கும் சிறிய வெள்ளைத் தொட்டியில் பச்சை நிறம் மேல்கோடுவரை ஏறி நின்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்பது வேறு விஷயம்.

சனிக்கிழமை மதியம் கொட்டகைக்குள் அவர் நின்றிருந்தார். தொட்டியில் பச்சை இல்லை. மண் நிறத் தண்ணீர், அதே மேல்கோட்டில்.

"சார், நீங்க எதும் தொட்டீங்களா?"

"சாவி ஒங்ககிட்டதானே இருக்கு?"

"ஆமா." தொட்டியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "உள்ள வழியெல்லாம் சேறு தங்கியிருக்கும். அது கலங்கி வந்திருக்கும்."

நியாயமான விளக்கம். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அன்று அவர் நல்ல தண்ணீர் விட்டு மூன்று முறை கழுவி இறக்கினார். மூன்றாவது முறை இறங்கியது கண்ணாடி மாதிரி இருந்தது. அதில் விரலை விட்டுப் பார்த்து, தேய்த்து, முகர்ந்தும் பார்த்தார். பிறகு பச்சை ஊற்றி மூடியை முறுக்கினார். பேட்டரி ஒயரைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஏன் என்று கேட்கவில்லை. இரவில் வண்டி தானாகக் கிளம்பிவிடாமல் இருக்க என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. இருந்தாலும் போனேன். நல்ல வெயில். சாலையில் ஆள் இல்லை. பூட்டை என் முன்னால்தான் திறந்தார். உள்ளே எஞ்சினின் மேல் கையை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். நானும் வைத்துப் பார்த்தேன். தகரக் கொட்டகையில் மதிய வெயிலுக்கு இரும்பு சுடத்தான் செய்யும். ஆனால் பக்கத்தில் நின்ற இன்னொரு வண்டியையும் தொட்டுப் பார்த்தேன். அது அவ்வளவு சுடவில்லை.

தொட்டியில் கால்வாய்த் தண்ணீர். மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே, உட்புறச் சுவரில், கடுகளவு நத்தை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தோம். அது கொம்பை நீட்டி, மெதுவாக மேலே ஊர்ந்தது.

"நேத்து எத்தனை தடவ கழுவுனேன் சார்?"

"மூணு."

"நீங்க பாத்தீங்கள்ல?"

"பாத்தேன்."

அதற்குப் பிறகு அவர் அந்தத் தண்ணீரை இறக்கவில்லை.

அன்று மாலையே ராயன்கட்டளையிலிருந்து சில பேர் வந்தார்கள். தங்கையனின் மனைவி ஜெயா சற்றுத் தள்ளி, மரத்தடியில் நின்றார். வந்தவர்களில் ஒருவர் சொன்னார்: "பாய், நாளைக்கு ஆர்டிஓ வர்றாரு. வண்டியப் பத்தி ஒங்களத்தான் கேப்பாங்க. பிரேக்கு ஒயர அறுத்திருந்துச்சுன்னு ஒரு வார்த்த. அவ்வளவுதான். மனு போயிருச்சு. இந்தக் கேசு நின்னாத்தான் கல்லப் புடுங்குவாங்க."

"ஒயரு நல்லாத்தான் இருக்கு தம்பி."

"நீங்க எங்க பக்கமா, அவன் பக்கமா?"

ஜெயா அப்போதுதான் பேசினார். "அண்ணே, அவரு கடைசியா ஒங்ககிட்டத்தான் பேசிருக்காரு. போன்ல நம்பர் இருந்துச்சு. என்ன சொன்னாரு?"

அவர் வெகுநேரம் கையைத் துடைத்தார். "சிரிச்சாரும்மா" என்றார்.

அவர்கள் போன பிறகு நான் சொன்னேன்: "பாய், உள்ளத சொல்லிருங்க. நானும் கேட்டேன். சாட்சி சொல்றேன். நீங்க கூலண்டத்தான் சொன்னீங்க. அவரு வேற மாதிரி எடுத்துக்கிட்டாரு. இதுல ஒங்க தப்பு எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"அவரு தப்பு எவ்வளவு சார்?"

"அதையும் சொல்ல முடியாது."

"ஆனா நாளைக்கு ஊரே சொல்லும்ல? கொதிக்கிற வண்டியில ஆத்துத் தண்ணிய ஊத்துனாரு, அம்புட்டு வெவரம் இல்லாதவருன்னு." இதை அவர் ஒரு காரணமாகச் சொன்னாரா, வெறுமனே நினைத்ததை வாய்விட்டுச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு உறுதியில்லை. காரணம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆசை உண்டு. ஆசைப்படும் விளக்கங்களைச் சந்தேகிக்க வேண்டும் என்பது நான் படித்தவற்றில் மிஞ்சியது.

திங்கட்கிழமை காலை பட்டறை முன்னால் கூட்டம். ஒரு பக்கம் ராயன்கட்டளை ஆட்கள். மறுபக்கம் போலீஸ் ஜீப்பில் காயாரோகணம், மூன்று நாள் தாடியோடு. விசாரணைக்கு வந்த கோட்டாட்சியர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாகன ஆய்வாளர் வண்டியை வெளியே தள்ளிவரச் சொல்லி, பிரேக் ஒயரை இழுத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வெள்ளைத் தொட்டி அவருடைய முழங்காலுக்கு நேராக, பழுப்புத் தண்ணீரோடு இருந்தது. அவர் குனிந்திருந்தால் போதும்.

"என்னய்யா மெக்கானிக், ஒனக்குத் தெரிஞ்சிருக்குமே? எதனால ஆச்சு?" என்று ஆய்வாளர் கேட்டார்.

சேக் தாவூது காயாரோகணத்தைப் பார்த்தார். ஜெயாவைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"டயருங்க ஐயா. பின் டயரு. செத்துப்போன டயரு. நான்தான் மாட்டிவிட்டேன். தேஞ்சது தெரியாம இருக்க மேல புதுசா கோடு வெட்டிக் கொடுத்தேன். இவரு மேல ஒண்ணுமில்ல. வேற யாரு மேலயும் ஒண்ணுமில்ல."

ஆய்வாளர் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார். ரப்பர் பக்கவாட்டில் வெடித்து, உள்ளே நூல் தெரிந்தது. அதன் மேல் பொறித்திருந்த நாலு இலக்கத் தயாரிப்பு எண்ணை உரக்கப் படித்து, தயாராகி ஒன்பது வருடம் ஆன டயர் என்று எழுதிக்கொண்டார். மூன்று வாரம் முன்னால் என் கண் எதிரே மாட்டிய டயர் அது இல்லை. வண்டியில் வேறு எதையும் அவர் பார்க்கவில்லை.

கூட்டத்திலிருந்து ஒரு செருப்பு வந்து சேக் தாவூதின் தோளில் பட்டது. காயாரோகணத்தை இறக்கிவிட்டு அதே ஜீப்பில் அவரை ஏற்றினார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வழக்கு இரண்டு வருடம் நடந்தது. பட்டறை மூடப்பட்டது. அபராதமும் ஆறு மாதச் சிறையும் முடிந்து வந்தவரிடம், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கமருன்னிஸா கேட்டார். நானும் ஒருமுறை நேராகவே கேட்டேன்: உண்மையைச் சொல்லியிருந்தாலும் காயாரோகணம் வெளியே வந்திருப்பார், உங்களுக்கும் இவ்வளவு வந்திருக்காது, பிறகு ஏன் இரவோடு இரவாக டயரை மாற்றினீர்கள்? அவர் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவி வைத்தார். என் வண்டியில் காற்று குறைவாக இருக்கிறது என்றார்.