பிள்ளைக்கு வந்த ஹெல்மட்

அச்சுவேலிச் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒடுங்கிய ஒழுங்கையில் கடை வைத்துத் தண்ணீர்ப் பம்பு திருத்துபவர் பரமலிங்கம். பம்பில் என்ன பழுது என்று தோட்டக்காரர்கள் சொல்வதை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. "அது நீங்கள் சொல்லுறது. மிசின் என்ன சொல்லுதெண்டு பாப்பம்" என்பார். போரால் பெற்றோல் கிடைக்காமல் எல்லோரும் மண்ணெண்ணெயில் பம்பு ஓட்டிய காலம் அது. யார் கொண்டுவந்தாலும் விரலில் தொட்டுத் தேய்த்து மணந்து பார்க்காமல் அவர் ஊற்றமாட்டார். கலப்படம் பிடிப்பதில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது.

வீட்டிலும் அதே மனிதர்தான். ஆனால் வீட்டில் அவர் அப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. எண்பத்து நாலில் பிறந்த முதல் ஆண்பிள்ளை, பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்குக் கழிந்து ஒரு கிழமையில் காய்ச்சல் கண்டு இறந்துபோனான். துடக்குக் கழித்த அன்று வீடு நிறையச் சனம். பிள்ளையை ஆள்மாறி ஆள் தூக்கினார்கள். அடுத்த வீட்டு இராசாத்தி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருமியது பரமலிங்கத்தின் மனதில் பதிந்துவிட்டது. காய்ச்சல் எதனால் வந்தது என்று ஆஸ்பத்திரியில் எவரும் சொல்லவில்லை. அவரே முடிவு கட்டிக்கொண்டார். இராசாத்தியோடு சண்டை பிடிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு எட்டு வருடம் பிள்ளையில்லை. தொண்ணூற்றிரண்டில், இனி இல்லை என்று மனைவி மகாதேவி நினைத்திருந்த வேளையில், ஒரு பெண்பிள்ளை பிறந்தாள். நிரோஜினி என்று பெயர் வைத்தார்கள். வாயில் வந்தது குஞ்சுதான்.

துடக்குக் கழிவுக்கு ஒருவரையும் கூப்பிடவில்லை. வேலிக்குப் புதுத் தென்னங்கிடுகு கட்டி உயர்த்தி, வாசற் படலைக்குச் சங்கிலி போட்டார் பரமலிங்கம். பிள்ளைக்குச் சேலையில் ஏணை கட்டவும் விடவில்லை. கயிறு அறுந்தால் என்ன செய்வது என்றார். செல் குண்டு விழுந்தால் வெளிச்சுவர்தான் முதலில் போகும் என்று, நடு அறையின் உட்சுவரோடு பலகைக் கட்டிலைப் போட்டு, பிள்ளையை அதில் கிடத்தச் சொன்னார். மகாதேவிக்குத் தண்ணீர் அள்ளுவது, விறகு கொத்துவது, சமைப்பது எல்லாம் தனி ஆளாய்ச் செய்யும் வேலை. பால் கொடுக்கும் நேரம் போக, குஞ்சு கட்டிலில் மல்லாந்து கிடந்து வாசற் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். அழுகை குறைந்த பிள்ளை.

நாலாம் மாதத்தில் ஒருநாள் குளிக்க வார்க்கும்போது மகாதேவியின் கை நின்றது. தலையின் வலப் பின்பக்கம் பலகை போலத் தட்டையாக இருந்தது. மாலையில் பரமலிங்கம் பிள்ளையை மடியில் இருத்தி மேலிருந்து பார்த்தார். தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. வலக்காது இடக்காதைவிட முன்னுக்கு நின்றது.

"ஆர் வந்தது?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் வரேல்லை."

"வராமல் தலை எப்பிடி உப்பிடி வரும்? ஆரோ பிடிச்சு அமத்தியிருக்கினம்."

"எனக்குத் தெரியாமல் ஆர் வந்து அமத்தப் போகினம்? வீட்டிலை நான்தானே நிக்கிறன்."

அடுத்த நாளிலிருந்து கடைக்குப் போகுமுன் படலையடி மண்ணை விளக்குமாற்றால் சீராகக் கூட்டிவிட்டுப் போனார். மாலையில் சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டுக் குனிந்து பார்ப்பார். ஒருநாள் படலைக்கு உட்புறமாக ஒரு பெண்ணின் காலடி பதிந்திருந்தது.

"இராசாத்தி முருங்கையிலை கொண்டுவந்து தந்தவ. படலையடியிலையே நிண்டிட்டுப் போட்டா" என்றாள் மகாதேவி.

அன்றிரவு அவர் முருங்கையிலைக் கறியை மட்டும் தொடவில்லை.

மகாதேவியின் தம்பி குகநேசன் டொரொன்டோவில் இருந்தான். அவள் அவனுக்குக் கடிதம் எழுதினாள். மூன்று மாதம் கழித்து, கொழும்புக்குப் போய்வந்த நீக்கிலாப்பிள்ளை என்ற ஊர்க்காரர் கிளாலிக் கடல் தாண்டி அவன் அனுப்பிய ஒரு பொதியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குள் ஒரு சின்ன ஹெல்மட் இருந்தது. வெள்ளை நிறத்தில் கடினமான பிளாஸ்டிக், உள்ளே பஞ்சு, நாடிக்குக் கீழே கட்ட ஒரு பட்டி. வெளியே கரடிக்குட்டிப் படம் ஒட்டியிருந்தது. கூட வந்த கடிதத்தில், தட்டைத் தலைக்கு அங்கே இதைத்தான் போடுகிறார்கள், தனக்குத் தெரிந்தவர் ஒருவரின் மகன் போட்டுச் சுகமாகிக் கழற்றியது, நாள் முழுக்கப் போட்டுவிடுங்கள் என்று குகநேசன் எழுதியிருந்தான்.

பரமலிங்கம் ஹெல்மட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உட்பஞ்சில் நீளமாக ஒரு கிழிசல்.

"உது என்ன? இதுக்குள்ளை என்ன இருந்தது?"

"வழியிலை சோதனையிலை கிழிச்சுப் பார்த்தவங்கள், தம்பி" என்றார் நீக்கிலாப்பிள்ளை. "பிள்ளையின்ரை தலைக்குப் போடுறது எண்டு சொன்னன். ஒருத்தரும் நம்பேல்லை. பிள்ளைக்கு ஏன் ஹெல்மட், மோட்டார் சைக்கிள் ஓடுறதோ எண்டு கேட்டாங்கள்."

அவர்கள் நம்பாததில் பரமலிங்கத்துக்குக் குறையொன்றும் தெரியவில்லை. பஞ்சில் ஒட்டியிருந்த ஒரு செம்பட்டை மயிரை நகத்தால் எடுத்துப் பார்த்தார். நீக்கிலாப்பிள்ளை போனபிறகு மகாதேவியிடம் சொன்னார்:

"ஒரு மிசினிலையிருந்து கழட்டின பிஸ்டன் மற்ற மிசினுக்குப் பொருந்தாது. வேறை பிள்ளையின்ரை தலைக்குச் செய்தது எங்கடை பிள்ளைக்கு எப்பிடிப் பொருந்தும்?"

"தம்பி பொய் சொல்லுவானோ?"

"அவன் பொய் சொல்லேல்லை. அவனுக்கு ஆரோ சொன்னதை அவன் சொல்லுறான்."

ஹெல்மட் அலுமாரிக்கு மேலே போய்விட்டது.

ஆனால் மகாதேவியால் சும்மா இருக்க முடியவில்லை. பெண்பிள்ளை, நாளைக்கு ஊர் என்ன சொல்லும் என்ற பயம் அவளுக்கு. அவர் கடைக்குப் போனதும் அதை இறக்கி, கிழிசலைத் தைத்து, குஞ்சுவுக்குப் போட்டுவிட்டாள். அவர் வரும் நேரத்துக்கு முன் கழற்றிவிடுவாள். ஒரு கிழமை போகவில்லை, நெற்றியோரத்தில் சிவந்த தழும்பு வந்தது. பரமலிங்கம் அன்றிரவு அதைக் கண்டார். மறுநாள் நடுப்பகலில் சொல்லாமற் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தார். கட்டிலில் ஹெல்மட்டோடு பிள்ளை சிணுங்கிக்கொண்டு கிடந்தாள்.

அவர் பட்டியைக் கழற்றினார்.

"நீரும் எனக்கு ஒளிக்கிறீர்" என்றார்.

மகாதேவி அடுப்படி வாசலில் நின்றாள். "நீங்கள் ஒண்டையும் நம்பமாட்டியள். ஒண்டும் செய்யவும் மாட்டியள். பிள்ளையை ஒரு டொக்டரிட்டைக் கூடக் காட்ட விடேல்லை. நான் என்ன செய்ய?"

மாலையே இருவரும் பிள்ளையோடு ஆவரங்காலுக்குப் போனார்கள். அங்கே சோமசேகரம் என்ற வயதான பிள்ளை வைத்தியர், பெரியாஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றபின் வீட்டில் வைத்து நோயாளரைப் பார்த்துவந்தார்.

வைத்தியர் குஞ்சுவின் தலையை விரல் நுனியால் நெடுநேரம் தடவினார். பிறகு கழுத்தை மெல்ல இடப்பக்கம் திருப்பினார். பிள்ளை முகத்தைச் சுளித்தாள்.

"மண்டை எலும்புகள் முந்தியே ஒட்டின வருத்தமில்லை. அதுதான் முதல் பார்க்க வேண்டியது. பொருத்தெல்லாம் நல்லாயிருக்கு" என்றார். "ஒரே பக்கமாய்க் கிடந்து தட்டையானது. கழுத்தும் ஒரு பக்கம் இறுகிப் போச்சு."

பரமலிங்கம் பைக்குள்ளிருந்து ஹெல்மட்டை எடுத்து மேசையில் வைத்தார். "இதை நம்பலாமோ, டொக்டர்?"

"நான் வாசிச்சதுதான், கையிலை எடுத்துப் பாக்கிறது இண்டைக்குத்தான்" என்று அதை வாங்கினார் வைத்தியர். "நல்ல சாமான். ஆனா உம்மடை பிள்ளைக்குச் சரிவராது. பிளாஸ்டர் போட்டு அந்தந்தப் பிள்ளையின்ரை தலையை அச்செடுத்துத்தான் செய்யிறது. தட்டையான பக்கத்திலை வெளி விட்டிருக்கும். தலை வளரேக்கை அந்த வெளிக்குள்ளை வளரும். இடைக்கிடை பார்த்து உட்பக்கத்தைச் சரிப்படுத்த வேணும். இஞ்சை அதுக்கு ஆளில்லை, கொழும்பிலை இருக்கோ எனக்குத் தெரியாது. வெளிநாட்டிலையும் எல்லாப் பிள்ளையளுக்கும் போடுறேல்லை. முதல் மற்ற வழியைத்தான் பாக்கிறது."

"என்ன மற்ற வழி?"

வைத்தியர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளையை ஆர் தூக்கி வைச்சிருக்கிறது?"

"தாய்தான். பால் குடுக்கேக்கை."

"மற்ற நேரம்?"

"கட்டில்லை கிடக்கும்."

"ஏழு மாதம். இன்னும் நிமிர்ந்து இருக்கப் பழகேல்லை. அயலட்டையிலை ஒருத்தரும் இல்லையோ தூக்க?"

மகாதேவிதான் மூத்த பிள்ளையின் கதையைச் சொன்னாள். படலைச் சங்கிலியையும் சொன்னாள். வைத்தியர் இடைமறிக்காமல் கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன வந்ததெண்டு நான் சொல்லேலாது. வருத்தக்காரரைக் கிட்ட விடாதையும், கையைக் கழுவச் சொல்லும். அது சரி. ஆனா ஒருத்தரையும் விடாமல் பூட்டி வைச்சால் பிள்ளை கிடந்த கிடைதான். முழிச்சிருக்கேக்கை குப்புறக் கிடத்துங்கோ. இடுப்பிலை வைச்சுத் திரியுங்கோ. கட்டிலைத் திருப்பிப் போடுங்கோ, பிள்ளை மற்றப் பக்கம் பாக்கட்டும். கழுத்துக்கு ஒரு பயிற்சி காட்டித் தாறன்."

"மருந்து?"

"மருந்தில்லை."

வழி முழுக்கப் பரமலிங்கம் சைக்கிளை உருட்டிக்கொண்டே யோசித்தார். மருந்து எழுதாத டொக்டர் என்ன டொக்டர் என்று பட்டது. மறுநாள் கடையைத் திறக்கவில்லை. நடு அறையின் மூலையில் மர வாங்கைப் போட்டு, பிள்ளையைப் பார்த்தபடி இருந்தார். மகாதேவி கிணற்றடிக்குப் போனாள், வந்தாள், அடுப்படிக்குப் போனாள். குஞ்சு வலப்பக்கம் தலையைச் சரித்து வாசலைப் பார்த்தபடி கிடந்தாள். ஒரு தரம் இடப்பக்கம் திரும்பப் பார்த்து, சுவரைக் கண்டு, பழையபடி திரும்பினாள். வெயில் முற்றத்தைத் தாண்டிப் போகும்வரை ஒருவரும் வரவில்லை. பிள்ளையின் தலையை ஒருவரும் தொடவில்லை. இத்தனை மாதம் மண்ணைக் கூட்டிக் கூட்டி ஆளைத் தேடியது அவருக்கு நினைவுக்கு வந்தது.

பின்னேரம் குஞ்சுவைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுப் படலையில் போய் நின்றார். இராசாத்தி எட்டிப் பார்த்தாள். அவர் அந்தப் படலைக்கு வந்து எட்டு வருடத்துக்கு மேல்.

"இருமல் ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். வேறு எப்படித் தொடங்குவதென்று அவருக்குத் தெரியவில்லை.

"இல்லை, அண்ணை" என்றாள் அவள். "அண்டைக்கும் இல்லை. அடுப்புப் புகை. நூறு பேருக்குச் சமைச்சுப்போட்டு வந்து இருந்தனான்."

"எனக்கு ஆர் சொன்னது?"

"நீங்கள் கேக்கேல்லையே, அண்ணை."

அதை நம்புவதா விடுவதா என்று அவருக்கு அப்போதும் தெரியவில்லை. புகையாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சேர்ட் பையிலிருந்து ஒரு துண்டுச் சவுக்காரத்தை எடுத்து நீட்டினார். அந்தக் காலத்தில் சவுக்காரம் கிடைப்பது அரிது. இராசாத்தி அதை வாங்கி, கிணற்றடிக்குப் போய், முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து கைகளை நீட்டினாள். குஞ்சு ஒரு கணம் தகப்பனின் முகத்தையும் அவள் முகத்தையும் பார்த்தாள். பிறகு அவளிடம் போனாள்.

அதன்பின் நாளாந்தம் குஞ்சுவின் அரைவாசிப் பொழுது இராசாத்தியின் இடுப்பில் போயிற்று. ஒழுங்கையில் இன்னும் இரண்டு வீடுகள் அவளுக்குத் திறந்தன. பாயில் குப்புறக் கிடத்தினால் ஊரைக் கூட்டி அழுத பிள்ளை, மெல்லத் தலையை நிமிர்த்தினாள். காலையிலும் மாலையிலும் கழுத்துப் பயிற்சியைப் பரமலிங்கமே கொடுத்தார். அதில் மகாதேவியையும் அவர் நம்பவில்லை. ஒரு வயது கடந்தபோது தட்டை பாதியாகக் குறைந்திருந்தது. முழுதாக மாறவில்லை. வலக்காது இன்றைக்கும் ஒரு துளி முன்னுக்கு நிற்கும். முடி வளர்ந்தபின் தாய்க்கும் தகப்பனுக்கும் தவிர வேறு எவருக்கும் அது தெரியவில்லை. ஹெல்மட்டிலிருந்த கரடிக்குட்டிப் படத்தைக் குஞ்சு உரித்தெடுத்துவிட்டாள். அதற்குள் மகாதேவி ஊசி, நூல் போட்டு வைத்தாள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் சண்டை நெருங்கி, வலிகாமத்துச் சனம் முழுதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது குஞ்சுவுக்கு மூன்று வயது. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஒரு வகுப்பறையில் பல குடும்பங்கள். யார் கூப்பிட்டாலும் போய் மடியில் ஏறும் பிள்ளையாக அவள் வளர்ந்திருந்தாள். எந்த மூலையில், எவர் மடியில் இருக்கிறாள் என்று தேடித் திரிவது பரமலிங்கத்துக்கு ஒரு வேலையாயிற்று. கண்டுபிடித்தாலும் உடனே வாங்கிவரமாட்டார். கொஞ்சம் தள்ளி நின்று, அந்த ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போய்விடுவார்.