மூன்றாவது கூப்பாடு

வேட்டு வைத்தால் புகைதான் வரும், தண்ணீர் வராது என்று ஊரே சிரித்த பாறையில் கிணறு வெட்டினேன். எங்கள் மலைக் கிராமத்தில் முதல் ஓட்டு வீடு என்னுடையது. சந்தவாசலிலிருந்து மேலே வர ஆட்டுத்தடம்கூட ஒழுங்காக இல்லாத காலத்தில், பொதிமாடு ரெண்டு எதிரெதிரே வந்தால் ஒதுங்கிப் போகிற அளவுக்குத் தடம் போட்டேன். புளி மூட்டை அடுக்கக் கல் கட்டடம். கடைசியாக மாவு மிஷின். அதன் எஞ்சினை மூங்கிலில் கட்டி எட்டு ஆள் தூக்க, ஒன்பதாவது ஆளாக நானும் தோள் கொடுத்து மூன்று நாளில் மேலே ஏற்றினோம். படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. அப்பன் விட்டுப்போனது ஒரு கோடாலி, அதற்கும் காம்பு கிடையாது.

இத்தனையும் செய்தவனால் வீட்டுக்காரி வாயிலிருந்து ஒரு வார்த்தையை வெளியே எடுக்க முடியவில்லை.

எமர்ஜென்சி முடிந்து ரெண்டு வருஷம் இருக்கும். ஐப்பசி மாசம், சாமை முற்றி நிற்கிற நேரம். விலை ஏறட்டும் என்று வைத்திருந்த புளியைப் பொதிமாட்டில் ஏற்றி ஓட்டிக்கொண்டு நான் கண்ணமங்கலம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது நாலு வயது மகளைப் புதைத்து முடித்திருந்தார்கள். காய்ச்சல். நான் மண்ணைத்தான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து எல்லாரையும் நிற்கவைத்து, “போனது போச்சி. இனிமே இந்த வூட்ல அந்தப் பேச்சு வரக் கூடாது” என்றேன். வரவில்லை. என் பேச்சை யாரும் தட்டமாட்டார்கள்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரி கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனாள். ஆள் இருந்தாள். வேலை நடந்தது. ஆனால் வேறு யாருடைய கையையோ கடன் வாங்கி வேலை செய்கிற மாதிரி இருந்தது. தலை சீவுவது நின்றது. சாப்பாடு நின்றது. வாசப்படிக்கு வந்தால் உள்ளே வா என்று சொல்கிறவரை அங்கேயே நிற்பாள். பக்கத்தில் அவள் நிற்பது தெரியாமல் திரும்பி, பலமுறை நானே பதறியிருக்கிறேன். வீட்டின் அமைதி தாங்காமல், அரைக்கத் தானியம் இல்லாத நாளிலும் மிஷினை ஓடவிட்டேன்.

ஒருநாள் உச்சிவேளை. மூடுபனி கலையவே இல்லை. கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தாள். கையில் கூழாங்கல். ஒன்று போட்டாள். தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. இன்னொன்று போட்டாள். அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, எதற்கோ காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பனி என் சட்டையை நனைத்துவிட்டது. மறுநாளும் ரெண்டு கல். அதற்கு மறுநாளும். தண்ணீர் கிடைத்ததென்று நான் ஆடு வெட்டிக் கொண்டாடிய கிணறு, ஏதோ ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடக்கிற மாதிரி எனக்கே பட்டது. சுற்றி முள்வேலி போட்டேன். வேலிக்கு வெளியே நின்று கல்லை வீசினாள். ஒருநாள் அவளே விழுவாள், அது எந்த நாள் என்பதுதான் தெரியவில்லை.

ஊரில் காரணம் சொன்னார்கள். “ரெண்டாங் கூப்பாட்டுக்குக் கொரல் குடுத்துட்டா. உசுரு எப்பவோ போயிடுச்சி, ஒடம்புதான் நடமாடுது.”

இந்த வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மூடுபனிக்குள்ளிருந்து யாராவது கூப்பிட்டால் உடனே பதில் சொல்லக் கூடாது. மூன்று முறை கூப்பிட வேண்டும். மனுசன் அல்லாதது ரெண்டு முறைதான் கூப்பிடும், அதுவும் நமக்குத் தெரிந்த குரலில். என் வீட்டுக்காரி அடிவாரத்துப் பெண், அவளுக்கு இதெல்லாம் தெரியாது. கல்யாணமான புதிதில் பனியிலிருந்து நான் கூப்பிட்டபோது ஒரே கூப்பாட்டுக்கு “இன்னா?” என்றாள். ஊரார் எதிரில் ஓர் அறை விட்டேன். “மூணு எண்ணாம இன்னொரு தபா வாயத் தொறந்துடாதே” என்றேன். அதற்குப் பிறகு அவள் தவறியதே இல்லை. அந்தக் கட்டுப்பாட்டையும் நான் கட்டி எழுப்பிய ஒன்றாகவே அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

பூசாரி வந்தார். வேப்பிலை, சேவல், உடுக்கை. அவள் அடியை வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அடித்தவர்தான் களைத்தார்.

காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற இடத்து ஊழியர்களுக்குக் கேழ்வரகு மாவு நான்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு கிளார்க், விஷயம் கேட்டுவிட்டு, “எங்க அக்காவும் இப்படித்தான் இருந்தாங்க. வேலூர்ல மனசு நோவுக்குன்னு ஆஸ்பத்திரி இருக்குதுங்க. பேச வைப்பாங்க” என்றார். பேச வைப்பது என்றால் என்ன என்று அவருக்கும் விளக்கத் தெரியவில்லை.

வேலூருக்கென்று இறங்கிப் போகையில் சந்தவாசலில் என் மச்சான், அவள் தம்பி, பஸ் ஏற்றிவிட வந்தான். “பேசறதுக்கா மாமா வேலூரு போறீங்க? எங்கூட்டுக்கு வந்து பேசுனா டீயாச்சும் குடுப்பேனே” என்றான். கடைக்காரர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. அதைப் பார்த்து அவன் பையை வாங்கிப் பஸ்ஸில் வைத்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு, மெதுவான குரல். “எப்பலேர்ந்து இப்படி இருக்கீங்க அம்மா?” என்று அவளைக் கேட்டார். “ஒரு வருசமா டாக்டரம்மா. வூட்ல ஒரு கொறையும் வெக்கல. ஓட்டு வூடு, கெணறு...” என்றேன். “தூங்குறீங்களா அம்மா?” “தூங்கறதே இல்லீங்க.” நாலாவது கேள்விக்கும் நான் பதில் சொன்னதும் அந்தம்மா பேனாவை வைத்துவிட்டு, “ஐயா, நான் அவங்களைக் கேட்டேன். நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க” என்றார்.

என்னை வெளியே உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான். எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. கிணறு ஞாபகத்துக்கு வந்தது. உட்கார்ந்தேன்.

முதலில் சில வாரம் அங்கேயே தங்கினோம். அப்புறம் வாராவாரம் மலையிறங்கிப் போனோம். மாத்திரையும் கொடுத்தார்கள். வாய் வறளுகிறது என்று தண்ணீர் கேட்டாள், தானாகக் கேட்டது அதுதான் முதல். தினம் காலையில் ஒரே ஒரு வேலை செய்யச் சொன்னார்கள், ஒரு சொம்பு கழுவினால் போதும் என்றார்கள். அடுத்த வாரம் தலை சீவுவது. எனக்குச் சிரிப்பு வந்தது, சொம்பு கழுவினால் வியாதி போகுமா? ஆனால் அந்தச் சொம்பை அவள் கையில் எடுக்கவே அரை நாள் ஆவதைப் பார்த்தபோது, நான் பாறையில் போட்ட முதல் உளி ஞாபகத்துக்கு வந்தது.

மற்ற நேரமெல்லாம் நான் கதவுக்கு வெளியே. உள்ளே ரெண்டு பெண்கள் இருக்கிறார்கள், ஒரு சத்தமும் வராது. அறை காலியோ என்று காதை வைத்துக் கேட்டிருக்கிறேன். மூச்சுகூடக் கேட்காது. பயமாக இருக்கும். பல வாரம் இப்படிப் போனது.

ஒருநாள் கதவு திறந்து என்னை உள்ளே கூப்பிட்டார்கள். “இவங்க உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம். நடுவுல பேசாதீங்க” என்றார் டாக்டரம்மா.

என் வீட்டுக்காரி தரையைப் பார்த்துச் சொன்னாள். “நான் சாமைக்காட்டுப் பரண் மேல இருந்தேன் மாமா. கிளி வெரட்டினு. ஒரே பனி. புள்ள காய்ச்சலோட கீழ கொட்டாய்ல படுத்துனு இருந்தா. ‘யம்மா’ன்னு ஒரு கொரலு. அவ கொரலுதான். இன்னொரு தபா ‘யம்மா’ன்னு. நான் மூணாவதுக்குக் காத்துனு இருந்தேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். மூன்றாவது வரவில்லை.

ரெண்டு கூழாங்கல், அப்புறம் மடியில் கை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. வேட்டு வைத்து ஓடி ஒளிந்தபின் வெடிக்கிறதற்கு முன்னால் ஓர் அமைதி இருக்கும். அந்த அறையில் அதுதான் இருந்தது. “அந்த வழக்கத்த அடிச்சிக் கத்துக்குடுத்தவன் நான்தான் டாக்டரம்மா” என்றேன். நடுவில் பேசியது அந்த ஒன்றுதான்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. அவள் பக்கமே திரும்பி, “உடனே ஓடியிருந்தா பிழைச்சிருக்குமான்னு யாருக்கும் தெரியாது அம்மா. பாசம் இல்லாம நீங்க சும்மா இருக்கல. பயந்து இருந்தீங்க” என்றார். ஒரு வருஷத்துக்கு மேல் அழாதவள் அன்றைக்கு அழுதாள். தடுக்கப் போன என் கையை டாக்டரம்மா பார்வையாலேயே நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்கும் வேலை கொடுத்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்று “ஏம்மே” என்று ஒரே ஒரு முறை கூப்பிட வேண்டும், அவள் பதில் சொல்லிப் பழக வேண்டும். வாரக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. ரெண்டாவது முறை கூப்பிட நாக்கு துடிக்கும், கடித்துக்கொள்வேன். ஒருநாள் உள்ளிருந்து, கிணற்றடியிலிருந்து வருகிற மாதிரி, “இன்னா?” என்று வந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் நான் அறைந்து அடக்கிய அதே “இன்னா”.

அடுத்த ஐப்பசி வந்தது. சாமைக்காடு, பனி, பரண். அன்று சொல்ல முடியாத பதிலை இப்போது சொல்லிப் பாருங்கள் என்று டாக்டரம்மா அவளிடம் சொல்லியிருந்தார். நான் மிஷினை நிறுத்திவிட்டுப் பரணுக்குக் கீழே போய் நின்றேன். அரைக்க வந்தவர்கள் வைதார்கள். கிளிகளின் சத்தம் கேட்டது, கிளிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. திடீரென்று கிளிச் சத்தமும் நின்றுபோனது. மேலே அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “வர்றேன்டா கண்ணு!” என்று கொட்டாய்ப் பக்கம் கத்திக்கொண்டே இறங்கி ஓடினாள்.

எனக்கு ஏதாவது கேட்டதா என்று கேட்காதீர்கள். கையில் மயிர் நட்டுக்கொண்டு நின்றது.

காலிக் கொட்டாய்க்குள் அவள் அழுவது கேட்டது. மகள் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அந்தப் பேச்சு வரக் கூடாது என்று சட்டம் போட்டவன் நான். பழகியபடி வாசலுக்கு வெளியே உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து உள்ளிருந்து “மாமா” என்று வந்தது. ஒரே முறை. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் “இன்னாம்மே, இங்கதான் கீறேன்” என்றேன்.

கிணற்றில் கல் விழுவது நின்றது. நோவு ஒரேயடியாகப் போய்விடவில்லை. சில ஐப்பசியில் முகம் கறுக்கும், சொம்பு கழுவப்படாமல் கிடக்கும். உடனே வேலூர் பஸ் ஏறுவோம். ஆனால் அவள் இருக்கிறாள், பேசுகிறாள், என்னை வைகிறாள்.

இப்போது ஊரில் பூசாரியால் பிழைத்தாள் என்கிறார்கள். மச்சான் தன் வேண்டுதல் என்கிறான். டாக்டரம்மாவைக் கேட்டால், “எல்லாம் அவங்க உழைப்பு” என்பார். டாக்டரம்மா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதவுக்கு வெளியே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தது யார்? இந்த மலையில் முதல் கூப்பாட்டுக்கே பதில் சொன்னது யார்? அறைந்த கையையும் சேர்த்து என் கணக்கிலேயே போடுங்கள், நான் மறைக்கவில்லை. கிணற்றுக்கு என் பேரைச் சொல்கிறீர்கள், தடத்துக்கு என் பேரைச் சொல்கிறீர்கள். அவள் பிழைத்த கதையைச் சொல்லும்போது, வெளியே உட்கார்ந்திருந்தவன் நான் என்பதையும் சொல்லுங்கள்.