பத்தாவது மெஷின்

பை தைக்கும் அந்தப் பட்டறையின் முதலாளிக்கு, அவரிடம் வேலை செய்த ஒன்பது பேரும் வைத்திருந்த பெயர் ‘சட்டம்’. நேரில் முதலாளி, முதுகுக்குப் பின்னால் சட்டம். யார் வந்து வேலை கேட்டாலும், சுவரோரம் நீலத்துணி போர்த்தி நின்ற பத்தாவது மெஷினைக் காட்டுவார்.

“மெஷின் இருக்கு. சட்டம்தான் விடல. ஒன்பது பேருன்னா இது பட்டறை, பத்தாச்சுன்னா தொழிற்சாலை. லைசென்ஸ் எடுக்கணும். இன்ஸ்பெக்டர் வந்து ஜன்னல எண்ணுவாரு.”

அதில் பொய் இல்லை. ஒரு தடவை ஒருவர் வந்து மூன்று மணி நேரம் ஜன்னல்களை அளந்து, காற்றோட்டம் போதாது என்று எழுதிவிட்டுப் போனார். ஜன்னலைத் திறந்து பார்க்க அந்தப் புண்ணியவானுக்குத் தோன்றவில்லை. சட்டத்துக்கு அது ஒன்றே பத்து வருடம் சொல்லித் திரியப் போதுமானதாக இருந்தது.

அவர் சொன்னதை வேதவாக்காக நம்பியது ஒரே ஆள்தான், அவருடைய தங்கையின் கணவர். நல்ல தையல்காரர். வேலை செய்த கம்பெனியை மூடியதும் நேராக இங்கேதான் வந்தார். “சட்டம் மாறட்டும் மாப்பிள்ளை, அந்த மெஷின் உங்களுக்குத்தான்” என்று சட்டம் வாக்குக் கொடுத்தார். அன்று முதல் திங்கட்கிழமை தவறாமல் வந்து, துணியை விலக்கி, மெஷினுக்கு எண்ணெய் விட்டு, பக்கத்து முக்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். அந்தப் பட்டறையில் ஆளுக்கொரு நிற நூல் உண்டு. பையின் உள்தையலை அவரவர் நிறத்தில் போட வேண்டும். கடையிலிருந்து பை திரும்பி வந்தால் யார் கை என்று தெரியுமே, அதற்காக. மாப்பிள்ளை தனக்குக் கிளிப்பச்சை எடுத்து மெஷின் மேல் வைத்திருந்தார். இடையில் இரண்டு கம்பெனிகள் கூப்பிட்டும் போகவில்லை. பத்து வருடம் காத்திருந்தார். போன வருடம் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இந்த வருடம் சட்டம் மாறியது. இருபது பேர் ஆகும்வரை லைசென்ஸ் வேண்டாம். செய்தி வந்த மறுநாளே தங்கை வந்து நின்றாள்.

“அண்ணா, அந்த மெஷின எனக்குக் குடு. அவர்கிட்டதான் தைக்கக் கத்துக்கிட்டேன். வீட்ல உலை வைக்கணும்ல.”

“பேப்பர் கைக்கு வரட்டும்மா. திங்கக்கிழமை சொல்றேன்.”

பேப்பர் எதுவும் வரவேண்டியதில்லை. கடைக்காரர்கள்தான் மூன்று மாதமாக ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். “போன தடவை குடுத்த பையே தொங்குது, கேக்க ஆள் இல்ல.” விற்காமல் மிஞ்சியது மாடிக்குப் போய்க்கொண்டிருந்தது. தங்கையிடம் அதைக் காட்டியாவது தப்பிக்கலாம் என்று, என்றைக்கும் இல்லாமல் அன்று சாயங்காலம், அன்றைக்குத் தைத்த பைகளை எண்ணினார். ஒன்பது பேர், நாளைக்கு ஆளுக்கு ஏழு, அறுபத்து மூன்று. எண்ணினால் எழுபது இருந்தது.

மறுபடி எண்ணினார். எழுபதேதான். ஒவ்வொரு பையாக உள்ளே புரட்டிப் பார்த்தார். ஏழு பைகளில் கிளிப்பச்சைத் தையல். நேர்த்தியான, நெருக்கமான தையல். நூல்கண்டை எடுத்து மேஜை இழுப்பறையில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மறுநாளும் எழுபது.

யாரோ விளையாடுகிறார்கள் என்று அடுத்த நாள் முழுக்க அந்த மெஷினுக்கு எதிரிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சாப்பாட்டு நேரத்தில் ஒன்பது பேரும் வெளியே போனார்கள். நீலத்துணி அசையவில்லை. ஊசி அசையவில்லை. ஆனால் மிதி மட்டும் மெதுவாகக் கீழே போய் மேலே வந்தது. தாளம் தப்பாமல், யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்பதுபோல அடக்கமாக வந்தது. மாப்பிள்ளை எப்போதுமே அப்படித்தான், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். சட்டம் எழுந்து மாடிக்கு ஓடினார்.

மாடியில் விற்காத பைகள் உத்தரம் வரை அடுக்கியிருந்தன. ஒரு பொதியைப் பிரித்தார். பச்சை. அடுத்தது பச்சை. அடியில் தூசி படிந்து கிடந்த, ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய பொதியைப் பிரித்தார். மாப்பிள்ளை உயிரோடு, திங்கள்தோறும் முக்காலியில் சும்மா உட்கார்ந்திருந்த காலத்துப் பைகள் அவை. அதிலும் பச்சைதான். அந்த மாடியில் வேறு நிறமே இல்லை. ஒன்பது பேர் தைத்தது எப்படியோ போய்விட்டது. தங்கியதெல்லாம் பத்தாவது ஆளுடையது. முதல் வருடத்திலிருந்தே பைகள் இப்படி மிஞ்சிக்கொண்டிருப்பது சட்டத்துக்குத் தெரியும். பத்தாவது ஆளுக்கு என்றைக்குமே விற்பனை இருந்ததில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை தங்கை வந்தாள்.

“பேப்பர் வந்துச்சா அண்ணா?”

“பேப்பர் இல்லம்மா. பை வாங்க ஆள் இல்ல. இப்ப மட்டும் இல்ல, அப்பவும் இல்ல.”

அவள் அழுவாள் என்று பயந்தார். அவள் அழவில்லை. முக்காலியைப் பார்த்தபடி நின்றாள்.

“இத அவர்கிட்ட சொன்னியா?”

அவர் நீலத்துணியின் ஓரத்தை இழுத்துவிட்டார்.

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற இடம் பாத்திருப்பாரே அண்ணா. உன்ன நம்பித்தான உக்காந்திருந்தாரு. நான் பாத்துக்கறேன். அடுத்த தெருவுல ஆள் கேக்கறாங்களாம்.”

அவள் போனபின், வேலை செய்துகொண்டிருந்த ஒன்பது பேரும் பார்க்க, சட்டம் எழுந்து பத்தாவது மெஷினிடம் போனார். நீலத்துணியை எடுத்தார். முக்காலியைப் பார்த்துக் கைகூப்பினார்.

“மாப்பிள்ளை, சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கிட்ட வேலை இல்ல. எப்பவுமே இருந்ததில்ல. நீங்க வேற இடம் பாத்துக்குங்க.”

ஒன்பது மெஷினும் நின்றிருந்தன. யாரும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் எண்ணியபோது அறுபத்து மூன்று பைகள் இருந்தன. பூட்டிய இழுப்பறையைத் திறந்தார். நூல்கண்டு இல்லை. தன் நூலை எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார், மற்றபடி எதையும் தொடவில்லை.