காதுக்காரரும் ஒரு பச்சைப் பட்டாணியும்

காதுக்காரருக்கு அந்தப் பெயர் வந்தது காது பெரிதாக இருந்ததால் அல்ல. பெரிதாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம். முப்பத்தோரு வருடமாகத் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர் அவர். மெஷினைக் கொண்டுவந்து வைத்தால் உடனே கழற்ற மாட்டார். "ஓட்டுங்க" என்பார். மெஷினின் உடம்பில் காதை ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நிமிடம் கழித்து, "பாபின் பக்கத்துல நூல் சிக்கியிருக்கு. பச்சை நூல்" என்பார். கழற்றிப் பார்த்தால் நூல் இருக்கும். பாதி நேரம் பச்சையாக இருக்காது. அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

கடை ஒரு பழைய கட்டிடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும் என்பதால் எவ்வளவு பெரிய மனிதரும் அவர் முன்னால் குனிந்துதான் வரவேண்டும். சட்டைப் பையில் எந்நேரமும் இரண்டு பொருள் இருக்கும்: கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஆயில் கேன், ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர். இவை இல்லாமல் அவர் வாசலைத் தாண்டியதாகச் சரித்திரமே கிடையாது. மைத்துனர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், சத்தம் போடுகிறது என்று சீலிங் ஃபேனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டவர். ஃபேன் சரியாகிவிட்டது. மைத்துனர்தான் இன்றுவரை பேசுவதில்லை.

இப்பேர்ப்பட்டவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நகரத்திலேயே உசத்தியான சைனீஸ் ரெஸ்டாரன்ட்டுக்கு அழைத்துப்போக வேண்டி வந்தது. மகள் ஒரு பையனை விரும்பினாள். இரண்டு வீட்டாரும் முதல்முதலாகப் பார்த்துக்கொள்ளப் பையனின் அப்பா அந்த இடத்தைச் சொல்லியிருந்தார். பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் டை கட்டிக்கொள்வார் என்று கேள்வி. தன் அம்மா சிரித்துத் தான் பார்த்ததே இல்லை என்று பையனே ஒப்புக்கொண்டிருந்தான். இந்தச் சாப்பாடு நல்லபடியாக முடிந்தால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை.

முதல் நாள் மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, என்ன வேலைன்னு கேட்டா இன்ஜினியரிங் லைன்னு மட்டும் சொல்லுங்க. நான் அவங்ககிட்ட அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்."

"சொல்லிட்டாப் போச்சு" என்றார். மகள் பொய் சொல்லவில்லை, உண்மையைக் கொஞ்சம் இஸ்திரி போட்டிருக்கிறாள், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனாலும் மனசுக்குள் சுருக்கென்றது. அந்த வேலைதானே அவளைப் படிக்கவைத்தது என்று நினைத்தார்.

கிளம்பும்போது மனைவி வாசலில் நின்று கையை நீட்டினாள். "எடுங்க."

"எதை?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி முழிக்காதீங்க. ரெண்டையும் எடுங்க."

ஆயில் கேனும் ஸ்க்ரூ டிரைவரும் அவளுடைய கைப்பைக்குள் போயின. ஜிப்பை இழுத்து மூடினாள். "இன்னைக்கு ஒரு வேளை எதையும் கழட்டாம சாப்பிட்டு வாங்க. பொண்ணோட வாழ்க்கைங்க இது." சட்டைப் பை காலியானதும் சட்டையே இல்லாமல் தெருவில் நடப்பது போலிருந்தது அவருக்கு.

ரெஸ்டாரன்ட்டில் கால் புதையும் கம்பளம், சிவப்பு விளக்குகள், சுவர் ஓரமாக ஒரு பெரிய மீன்தொட்டி. நரைத்த மீசையோடு, கறுப்புக் கோட்டுப் போட்ட சர்வர் ஒருவர் அவர்களை வட்டமேஜைக்குக் கூட்டிப்போனார். மேஜை நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு. அதன்மேல் சூப், நூடுல்ஸ், கொழுக்கட்டை மாதிரி ஆவியில் வேகவைத்த டம்ப்ளிங், பட்டாணி போட்ட ஃப்ரைடு ரைஸ் என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. ஆளுக்கு ஒரு ஜோடி சாப்ஸ்டிக். ஸ்பூன் கண்ணுக்கெட்டிய தூரம்வரை இல்லை.

அங்கேதான் வந்தது வினை. அந்தக் குச்சிகளைப் பிடிக்க ஆறு பேரில் ஒருவருக்கும் தெரியாது. எதிர்த்தரப்புக்கு இது தினசரிப் பழக்கம் என்று இரண்டு குடும்பமும் நினைத்துக்கொண்டதால், ஸ்பூன் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. பையனின் அப்பா பத்து நிமிடத்தில் ஒரே ஒரு நூடுல்ஸ் சாப்பிட்டிருந்தார். அதுவும் பாதிதான். பையனின் அம்மா பிடித்த டம்ப்ளிங் வழுக்கி, தண்ணீர் டம்ளருக்குள் குதித்து நீந்தியது. எல்லோரும் அதே நேரத்தில் கூரையைப் பார்த்து, விளக்கு நன்றாக இருக்கிறது என்றார்கள்.

"நீங்க இன்ஜினியரிங் லைன்னு சொன்னாங்க" என்றார் பையனின் அப்பா. "எதுல?"

காதுக்காரர் மகளைப் பார்த்தார். மகள் சூப்பைப் பார்த்தாள். "ஓடுற எல்லாத்துலயும்" என்றார்.

பையனின் அப்பா மரியாதையோடு தலையாட்டிவிட்டுக் கண்ணாடித் தட்டை இரண்டு கையாலும் தள்ளினார். அவ்வளவு கடினமாக இருந்தது அது. தட்டு முக்கி முனகிக் கொஞ்சம் நகர்ந்தது. கிரீச், டொக்.

காதுக்காரரின் உடம்பு சிலிர்த்தது. யாரோ மறுபடி தள்ளினார்கள். கிரீச், டொக். சாப்பாட்டைப் பார்க்க முயன்றார். பையனின் சம்பளம், வீடு, வேலை பற்றியெல்லாம் கேட்க முயன்றார். கிரீச், டொக். தலை தானாகச் சாய்ந்தது. காது மேஜைவிரிப்பில் படிந்தது. கண்கள் மூடின.

"ஐயோ, அவருக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள் பையனின் அம்மா.

மனைவி மேஜைக்கு அடியில் அவர் தொடையில் ஒரு கிள்ளு வைத்துவிட்டு, "தியானங்க. சாப்பாட்டுக்கு நடுவுல கொஞ்ச நேரம் பண்ணுவார்" என்றாள்.

"நல்ல பழக்கம்" என்று பையனின் அப்பாவும் அரை நிமிடம் கண்ணை மூடினார். பசியில் அவருக்கு அது சுலபமாகவே வந்தது.

அதற்குப் பிறகு பையனின் அப்பா எல்லோரையும் மீன்தொட்டி பார்க்க அழைத்தார். சாப்பிட முடியாத மேஜையை விட்டு எழுந்துபோக எல்லோருக்கும் சந்தோஷம். "நீங்க போங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்றார் காதுக்காரர். மனைவி போகிற போக்கில் திரும்பி ஒரு முறை முறைத்தாள். அதன் பொருள் அவருக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்து என்ன பிரயோஜனம்?

கன்னத்தை மேஜையில் வைத்துக் கண்ணாடித் தட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். குண்டுகள் உருண்டு தட்டைச் சுழலவைக்கும் பேரிங் காய்ந்து கிடந்தது. அதில் எப்போதோ உருண்டு போன ஒரு பச்சைப் பட்டாணி மாட்டி, கல்லாகியிருந்தது. சாப்ஸ்டிக்கை உள்ளே விட்டு ஒரே நெம்பு. பட்டாணி வெளியே வந்து அவர் சட்டைப் பைக்குள் போனது. கைக்கெட்டிய கிண்ணத்தில் இருந்த எள் எண்ணெயில் குச்சியைத் தொட்டு, தட்டைச் சுற்றிச் சுற்றி, குண்டுக்கு ஒரு சொட்டாக விட்டார். ஒரு நூடுல்ஸைத் தூக்க முடியாமல் நடுங்கிய அதே குச்சி இப்போது அவர் கையில் அசையாமல் நின்றது.

சர்வர் பக்கத்தில் வந்து குனிந்தார். "சார், அதுக்கு அடியில் சாப்பாடு எதுவும் இல்லை."

"தெரியும். நீங்க போய் வாங்க" என்றார் காதுக்காரர், தலையைத் தூக்காமலே.

எல்லோரும் திரும்பி வந்தார்கள். ஒரு முழு மீன், வெந்த கோலத்தில், பெரிய தட்டில் வந்து இறங்கியது. அதை அருகிலிருந்து பார்க்க நாற்காலியை விட்டு எழுந்து குனிந்த பையனின் அப்பாவின் டை, மீன்தட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பழைய ஞாபகத்தில், இரண்டு கையாலும், பலமெல்லாம் கூட்டி, கண்ணாடியைத் தள்ளினார்.

கண்ணாடித் தட்டு சத்தமே போடாமல் சுழன்று பறந்தது. சூப் போனது, நூடுல்ஸ் போனது, மீன் போனது, மீனோடு பையனின் அப்பாவும் போனார். ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி, பின்னோக்கிச் சாய்ந்த நாற்காலிகளுக்கும் மேஜைக்கும் நடுவில், "எக்ஸ்கியூஸ் மீ... கொஞ்சம் வழி... எக்ஸ்கியூஸ் மீ" என்று சொல்லிக்கொண்டே டை இழுத்த பக்கமெல்லாம் ஓடினார். ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் சம்பந்தியம்மாளைக் கடக்கும்போது வணக்கம்கூடச் சொன்னார்.

காதுக்காரர் எழுந்தார். தையல் மெஷினின் சக்கரத்தை நிறுத்துகிற மாதிரி, உள்ளங்கையை மெதுவாகக் கண்ணாடி ஓரத்தில் வைத்தார். தட்டு நின்றது. ஒரு சொட்டு சூப்கூடச் சிந்தவில்லை. டையை மட்டும் மீனிடமிருந்து பிரிக்க வேண்டியிருந்தது.

மேனேஜர் ஓடிவந்தார். கண்ணாடியைத் தள்ளிப் பார்த்தார். இன்னொரு தரம் தள்ளிப் பார்த்தார். "ஏழு மாசமா ரெண்டு கம்பெனிக்காரங்க வந்து பார்த்துட்டுப் போனாங்க. சரியாகவே இல்லை. யாருங்க இதைப் பண்ணது?"

காதுக்காரர் சட்டைப் பையில் கை விட்டுப் பட்டாணியை எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டார். ஒரு சாப்பாட்டு நேரம் சும்மா இருக்க முடியவில்லையே, மகளின் கல்யாணத்தை இப்படி எண்ணெய் விட்டு வழுக்கவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மகள் எழுந்து நின்றிருந்தாள்.

"எங்க அப்பாதான்" என்றாள். "தையல் மெஷின் மெக்கானிக். இன்ஜினியர் இல்லை. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். தப்பு என்மேல."

பையனின் அப்பா டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பையனின் அம்மா பட்டாணியைப் பார்த்தாள், காதுக்காரரைப் பார்த்தாள், முகத்தை இன்னும் இறுக்கமாக வைத்துக்கொண்டாள்.

"தையல் மெஷினா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க" என்றார் காதுக்காரர்.

"எங்க வீட்ல ஒண்ணு இருக்கு. தைக்கும்போது நூல் அறுந்து அறுந்து போகுது."

காதுக்காரரின் முதுகு நிமிர்ந்தது. "அறுந்து போறதுக்கு முன்னாடி என்ன சத்தம் வருது?"

பையனின் அம்மா இரண்டு பக்கமும் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு அந்த உசத்தியான ரெஸ்டாரன்ட்டின் நட்டநடுவில், "டகட் டகட் டகட்... ங்ங்ங்கிர்ர்ர்... டிங்" என்றாள்.

காதுக்காரர் மேஜைமேல் சாய்ந்து அவள் பக்கம் காதைத் திருப்பிக் கண்ணை மூடினார். "இன்னொரு தடவை. கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க."

"டகட்... டகட்... ங்ங்ங்கிர்ர்ர்..." டிங் வருவதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பையன் வாயைப் பிளந்து தன் அம்மாவைப் பார்த்தான். பையனின் அப்பா சர்வரைக் கூப்பிட்டு, "ஆறு ஸ்பூன் கொண்டுவாங்க" என்றார். ஆறு பேரும் ஒரே குரலில், "பெரிசா" என்றார்கள்.

"ஊசி திரும்பியிருக்கு" என்றார் காதுக்காரர், கண்ணைத் திறந்து. "நாளைக்கே வந்து பார்க்கிறேன். இங்கேயும் ஒரு தடவை வரணும். சாப்பாட்டு எண்ணெய் விட்டது தப்பு. நாலே நாள்ல பிசினா ஒட்டிக்கும்."

மனைவி அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். ஆயில் கேனையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்து, மீனுக்குப் பக்கத்தில் கண்ணாடித் தட்டின்மேல் வைத்தாள். மகள் கை நீட்டி, ஒற்றை விரலால் மெதுவாகத் தள்ளினாள். இரண்டும் சுற்றிக்கொண்டு, கொஞ்சமும் சத்தமில்லாமல், அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றன.