நாற்பது ஓமும் ஒளித்து வைத்த ஒரு தாளும்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். வரி மேலே ஏறும், கீழே இறங்கும், கை நடுங்கினால் பக்கத்து வரிக்கும் போய்வரும்.

கொப்பியில் நான் எழுதுகிறேன். மகள் போனில் படம் பிடித்து இங்கே போடுகிறாள்.

(என் 'ழ'வைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அது எனக்குப் பிடிபட்டே இரண்டு மாதம்தான்.)

போன வருடம் வரை நான் கைநாட்டு. இப்போது பஸ் பலகை, சவர்க்காரப் பெட்டி, கண்ணில் பட்டதெல்லாம் வாசிக்கிறேன். அறுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு சந்தோசம்!

இன்று எனக்குச் சோதனை.

மூதூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் தறப்பாள், அதுதான் மழைக்கு விரிக்கிற தார்ப்பாய், தைக்கப் படிக்கிறேன். மோட்டார் சைக்கிளுக்கு உறை, படகு எஞ்சினுக்கு உறை, இப்படி. தையலில் தேறிவிட்டேன். மிச்சம் இருந்தது 'இலக்குச் சந்தை' என்ற ஒரு பாடம். என் சாமானை யார் வாங்குவார்கள் என்று நானே விசாரித்துக் காட்ட வேண்டும்.

அதிலும் தேறினால்தான் தையல் மெசினை வீட்டுக்குக் கொண்டுபோக விடுவார்கள். வீட்டில் அதற்கு இடம்கூட ஒதுக்கிவிட்டேன்.

இலக்கம் அடித்த நாற்பத்தொரு தாள் தந்தார்கள். சம்பூரில் எங்கள் பக்கத்து ஒழுங்கைகளில் வீடு வீடாகவும், கரைக்கும் போனேன். பெயர் கேட்டேன், தறப்பாள் உறை தேவையா என்று கேட்டேன், எழுதினேன்.

நாற்பது பேர் ஓம், தேவை என்றார்கள்.

(ஒரு வீட்டில் கதிரை போட்டுத் தேத்தண்ணியும் தந்தார்கள். அளவுக்கு மிஞ்சின சீனி. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.)

இன்று காலை மதிப்பீட்டுக்கு வந்த மிஸ் தாள்களைப் புரட்டினார். முகம் மாறியது.

"ஐயா, நாப்பது பேரும் ஓமோ?"

"ஓம் மிஸ்."

"இதை வீட்டில இருந்து மகள் எழுதினவவோ?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பேனையை வாங்கி அவர் முன்னாலேயே என் பெயரை எழுதினேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். (கொஞ்ச நேரம் பிடித்தது.) எழுத்து என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் வீடுகளுக்குப் போனேன் என்பதை நம்பவில்லை. ஒரு வீட்டைத் தானே பார்க்க வேண்டும் என்றார்.

எனக்கும் சந்தேகம் வந்தது. நாற்பது ஓம் கொண்டுவந்தவன்மேல் இவவுக்கு என்ன கோபம்? கிழவனைப் பெயிலாக்கிவிட்டு மெசினை வேறு யாருக்காவது கொடுக்கப் போகிறார்களோ? ஓட்டோவில் சம்பூருக்கு வரும் வழி முழுக்க இதே யோசனைதான்.

மிஸ் கண்ணை மூடி ஒரு தாளை இழுத்தார். வந்தது பூமணியின் தாள். எங்கள் வீட்டில் இருந்து நாலாவது வீடு.

எங்களைக் கண்டதும் பூமணி படலைக்கே ஓடி வந்தா.

"ஓம் மிஸ், அண்ணை வந்து என்ர பேரை எழுதினவர். எப்ப குடுப்பியள்? போன முறை தந்தது ஓட்டை. இந்த முறை நல்லதாப் பாத்துத் தாங்கோ."

மிஸ் மெதுவாகக் கேட்டார், "இது சும்மா தாறது எண்டு அண்ணை சொன்னவரோ?"

"அதை என்னத்துக்குச் சொல்லுவான்? பேர் எழுத வாறவை காசுக்கோ குடுக்கிறவை?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நாங்கள் சண்டையில் இடம்பெயர்ந்து வருடக்கணக்காகத் தறப்பாளுக்குக் கீழே இருந்த சனம். தாளோடு ஒருவர் வந்து பெயர் எழுதினால் பின்னாலே நிவாரண லொறி வரும். நானும் அப்படி எத்தனை பேருக்குப் பெயர் சொல்லியிருக்கிறேன். அதே நான் தாளோடு போய்த் தறப்பாள் உறை தேவையா என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? நாற்பது பேரும் லொறிக்குத்தான் ஓம் சொல்லியிருக்கிறார்கள்.

மிஸ் சிரிக்கவில்லை. தாள்களை இன்னொரு முறை எண்ணினார்.

"பத்தொன்பதாம் இலக்கம் எங்க ஐயா?"

அது என் சேட்டுப் பையில் மடித்துக் கிடந்தது. நாற்பத்தொரு பேரில் இல்லை என்று சொன்ன ஒரே ஆளின் தாள். அந்த ஒரு 'இல்லை' என் மெசினைக் கெடுத்துவிடும் என்று ஒளித்துவிட்டேன். இந்த வயதில் களவு! எடுத்துக் கொடுத்தேன்.

அந்த ஆள் றஹீம். கிண்ணியாவில் இருந்து எஞ்சின் படகோடு எங்கள் கரைக்கு வருகிறவர். தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "அப்பா, இது எந்த ஒப்பீசு?" என்று அதட்டினவர். பிறகு கேள்விமேல் கேள்வி. வெல என்ன? உப்புக் காத்துக்கு நூல் நிக்குமா? கிழிஞ்சா ஆரு தைச்சுத் தாற? கேள்விகளை மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். ("நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள நான் கடலுக்குப் போய் வந்திருவன்" என்றார்.) கடைசியில், இப்ப வேணாம் என்று போய்விட்டார்.

மிஸ் அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்தார்.

"ஐயா, விலை கேட்டது இவர் ஒராள்தான். உங்களைச் சந்தேகப்பட்டதும் இவர்தான். காசு குடுக்கிற ஆள்தான் இவ்வளவு கேப்பார். இந்தத் தாளைப் போய் ஒளிச்சு வச்சிருக்கிறியளே."

இன்று தேறவில்லை. 'மீண்டும் வருக' என்று தாளில் எழுதினார். அதை நானே வாசித்தேன், உதவி இல்லாமல். மனம் சோர்ந்தாலும் அதில் ஒரு சந்தோசம்!

நாளைக்குக் கரைக்குப் போகிறேன். முதல் வேலை றஹீமுக்கு விலை சொல்வது.

(பூமணியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நம்பவில்லை. எல்லாத்தையும் நானே வைத்துக்கொள்ளப் பார்க்கிறேனாம்.)

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது உறை தேவையா? தயவுசெய்து கீழே 'ஓம்' என்று மட்டும் போடாதீர்கள். விலை கேளுங்கள், குறை சொல்லுங்கள், என்னைச் சந்தேகப்படுங்கள்.

மிஸ் அடுத்த கிழமை திரும்பச் சோதிக்க வருகிறார். தேறினாலும் தேறாவிட்டாலும் அன்று பின்னேரமே கொப்பியை எடுத்து உங்களுக்கு எழுதுவேன். எத்தனை பேர் இல்லை என்றார்கள் என்பதையும் ஒளிக்காமல் எழுதுவேன்.