நாடி பார்த்து அடித்த துக்க மணி

பலவீனமான இதயத்துக்குத் துணையாக என் கணவரின் நெஞ்சுக்குள் பம்ப் வைத்திருக்கிறார்கள். அது இடைவிடாமல் ரத்தத்தைத் தள்ளுவதால் கையில் நாடி தெரியாது. ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு அப்போது இது தெரியாது.

போன மாதம் நான் கடையிலிருந்து திரும்பியபோது மாதா கோவிலில் துக்க மணி அடித்தது. எங்கள் வீட்டு வாசலில் அவர் கிடந்தார்.

"ஏட்டி, அவிய போயிட்டாகளே! நாடியே இல்ல" என்று பக்கத்து வீட்டு அக்கா கதறினார்.

கணவர் நெஞ்சில் காதை வைத்தேன். சுற்றி நின்றவர்களின் ஒப்பாரியில் எதுவும் கேட்கவில்லை.

"செத்த நேரம் எல்லாரும் வாய மூடுங்க!" என்று கத்தினேன்.

அமைதியில் பம்பின் ரீங்காரம் கேட்டது. உடம்பில் நீர் வற்றி மயங்கியிருக்கிறார். பம்ப் வைத்த மதுரை ஆஸ்பத்திரியில் மறுபடியும் சேர்த்துக் காப்பாற்றினோம்.

இப்போது தெருவாரை ஒவ்வொருவராக அழைத்துக் கணவர் நெஞ்சில் காது வைக்கச் சொல்கிறேன். மணி அடித்தவரும் வந்தார். வெகுநேரம் காதை எடுக்கவேயில்லை.